வெளிப்பூச்சி கூடாது

செப்டம்பர் 14, ஞாயிறு

சமையலறைத் தராசில் நிறுத்தேன். சுக்கு 118 கிராம். மல்லி 91. போன மாதம் மல்லி 98 இருந்தாள்.

ஏழு கிராம் பெரிய விஷயமில்லை என்று தோன்றலாம். மல்லியின் மொத்த உடம்பே என் ஒரு கைக்குள் அடங்கிவிடும். முதுகில் விரலை வைத்தால் எலும்பு வரிசையாகத் தட்டுப்படுகிறது.

கீழ்வீட்டு தெய்வானை அக்கா இவற்றைப் பறக்கும் அணில் என்கிறார். அணில் இல்லை, கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் இனம், சுகர் கிளைடர் என்று பெயர், கைக்கும் காலுக்கும் நடுவே மடிந்திருக்கும் தோலை விரித்து அலமாரி மேலிருந்து என் தோளுக்கு மிதந்து வரும் என்றெல்லாம் ஒருமுறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் செரி அம்மிணி, பாலு குடுக்குமா?" என்றார்.

இவை ஆக்னஸுடையவை. வடவள்ளியில் இந்த மாடி வீட்டில் மூன்று வருடம் நானும் அவளும் குடியிருந்தோம். ஜூனில் அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். பொங்கலுக்கு வருவாள். வந்து இவற்றை என்ன செய்வது என்று முடிவெடுப்பாள். அதுவரை இரண்டையும் உயிரோடு வைத்திருப்பது என் வேலை. ஃபிரிட்ஜ் கதவில் அவள் எழுதி ஒட்டிய பதினொரு விதிகள் இருக்கின்றன. ஏழாவதுக்கு மட்டும் அடிக்கோடு: வெளிப்பூச்சி கூடாது.

இதுவரை சென்னையில் ஒருவர் தவிட்டில் வளர்த்து டப்பாவில் அனுப்பும் புழுக்களைக் கொடுத்துவந்தோம். நேற்று அவர் போன் செய்தார். வளர்ப்பு முழுவதும் பூஞ்சை பிடித்துவிட்டதாம். இனிமேல் அந்தத் தொழிலே வேண்டாம் என்றார்.

செப்டம்பர் 15, திங்கள்

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் இன்று கூட்டம். மதிய இடைவேளையில்தான் டாக்டர் குமரகுருவை அழைக்க முடிந்தது. நாய்களும் கிளிகளும் பார்ப்பவர். இந்த ஜாதியில் இதுவரை ஆறே ஆறுதான் பார்த்திருக்கிறேன், அதில் இரண்டு உங்களுடையவை என்று முன்பே சொல்லியிருக்கிறார். புழு இல்லாவிட்டால் வேகவைத்த முட்டை, கொஞ்சம் கோழி, மேலே கால்சியம் பொடி. அது போதும் என்றார். வெளியில் பிடித்த பூச்சி வேண்டாம், பயிருக்கு அடித்த மருந்து அதன் உடம்பில் இருக்கும், குடற்புழுவும் வரும் என்றார்.

மாலை முட்டை வைத்தேன். மல்லி இரண்டு கைகளாலும் பிடித்துத் தின்றாள். கிண்ணத்தையும் நக்கினாள்.

ஆக்னஸுக்கு எழுதினேன்: புழு கிடைக்கவில்லை, பின்பக்க வயலில் வெட்டுக்கிளி நிறைய இருக்கிறது, பிடித்துக் கொடுக்கலாமா?

செப்டம்பர் 16, செவ்வாய்

நாற்பது நிமிடத்தில் பதில் வந்திருக்கிறது. இதற்கு முந்தைய செய்திக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

"ஐயோ வேண்டாம் மக்கா. மருந்து அடிச்சிருப்பாங்க. ஆமா, யாரு வயலு?"

யார் வயல் என்று கேட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 20, சனி

தெய்வானை அக்காவின் வயல். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர், இரண்டு மாடுகளுக்காகக் குதிரைமசால் போட்டிருக்கிறார். காலையில் அங்கே போய் நின்றேன். மருதமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. மசாலுக்குள் ஓரடி வைத்தால் பத்துப் பதினைந்து வெட்டுக்கிளிகள் சிதறின. பச்சை, பழுப்பு, ஒன்று மட்டும் காய்ந்த வைக்கோல் நிறம்.

இதற்கு மருந்து அடிப்பீர்களா அக்கா என்று கேட்டேன். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ற மாடு திங்கற மசால்ல நான் மருந்தடிப்பனா? அந்தப் பால்லதான நீ தெனமும் காப்பி போட்டுக் குடிக்கற?"

எதற்குக் கேட்கிறேன் என்று சொன்னதும் சிரித்தார். ஊரில் எல்லாரும் வெட்டுக்கிளியைத் துரத்துகிறார்கள், நீதான் முதல்முதலாக விருந்துக்குக் கூப்பிடுகிறாய் என்றார்.

வந்து எல்லாவற்றையும் ஆக்னஸுக்கு எழுதினேன். வயலின் அளவு, மேகம், வைக்கோல் நிறம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

குரல் பதிவாகவே அனுப்பியிருக்கிறாள். இரண்டு நிமிடம் பத்து விநாடி. பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றில் வராதா என்று கேட்கிறாள். அங்கே மழை, காலில் இரண்டு சாக்ஸ் போட்டிருக்கிறாளாம். வார்டில் ஒரு கிழவர் இவளை 'ஆங்கஸ்' என்று ஆண் பெயரில் கூப்பிடுகிறாராம். நாற்பத்திரண்டாவது விநாடியில் சிரிக்கிறாள். ஒரு நிமிடம் பத்தொன்பதாவது விநாடியில் ஒரு கதவு திறக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

கதவைத் திறந்தவர் ஆண். 'சாயா வேணோ' என்று மலையாளத்தில் கேட்கிறார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மல்லி 97. சுக்கு 119.

இந்த வாரம் ஆக்னஸிடம் கேட்டவை: காற்றில் மருந்து எவ்வளவு தூரம் வரும். வெட்டுக்கிளியின் வயிற்றில் இருக்கும் புழு சுக்குவின் வயிற்றில் வாழுமா. மூன்று நாள் தனியே வைத்துச் சுத்தமான இலை கொடுத்தால் குடல் கழுவியதாகுமா. பெரியது நல்லதா, சிறியது நல்லதா.

நூலகத்திலிருந்து பூச்சியியல் நூல் ஒன்றை எடுத்துவந்து படிக்கிறேன். ஒரு முறை என் பெயரிலேயே புதுப்பித்தாயிற்று. வெட்டுக்கிளிக்குக் காது வயிற்றில் இருக்கிறதாம். இதை எழுதியதற்கு மட்டும் அவள் உடனே பதில் போட்டாள்: "பின்ன பசிக்கது நல்லாக் கேக்கும்லா."

அன்று முழுவதும் நூலகத்தில் இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

முட்டையைப் பற்றி எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

பதில் இல்லை.

அக்டோபர் 4, சனி

கூண்டை வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். தூங்கும் பைகளைத் துவைத்தேன். ஆக்னஸின் பழைய நைட்டியை வெட்டித் தைத்த பை ஒன்று. அதை மட்டும் துவைக்காமல் மடித்து உள்ளே வைத்தேன். துவைத்தால் பழக்கமான வாசனை போய்விடும். இவற்றுக்கு வாசனைதான் எல்லாம்.

அக்டோபர் 6, திங்கள்

வந்தது.

"அந்தச் சவத்த விடு மக்கா. ஒனக்கு என்ன தோணுதோ அதச் செய்யி. நீ நல்லாத்தான் பாத்துக்கிடுவ."

அன்பாகத்தான் எழுதியிருக்கிறாள். மூன்று வாக்கியங்களிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழாவது விதியை அவளே தளர்த்திவிட்டாள், இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நல்லதுதான். ஏன் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று தெரியவில்லை.

அக்டோபர் 8, புதன்

வேலைக்குப் போகுமுன் மசால் காட்டில் ஒன்பது வெட்டுக்கிளிகள் பிடித்தேன். பனி காயாத நேரத்தில் அவை மந்தமாக இருக்கின்றன. தெய்வானை அக்கா பால் கறந்துகொண்டே பார்த்தார். புடவைத் தலைப்பால் பிடி, விரலால் பிடித்தால் காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவிடும் என்றார்.

பெரிய ஊறுகாய் பாட்டிலில் விட்டு வாயில் கொசுவலைத் துணி கட்டினேன். கழுவிய மசால் இலை. மூன்று நாள் இருக்கட்டும். யாரும் சொல்லாமல், நான் படித்து, நானே வகுத்த முறை. பாட்டில் பால்கனியில்.

அக்டோபர் 9, வியாழன்

இலை வாசத்துக்கு எறும்பு வந்துவிட்டது. இரண்டு வெட்டுக்கிளிகளைத் தின்றே விட்டன. பாட்டிலைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு போட்டேன். இப்போது ஒன்றும் அண்டவில்லை.

அக்டோபர் 11, சனி

காலையில் மழைச்சாரலில் கோடு அழிந்திருந்தது. மறுபடி அழுத்திப் போட்டேன்.

மாலை ஆறரை. இரண்டும் கண்விழிக்கும் நேரம். துணியை அவிழ்த்தபோது நான்கு வெளியே தாவிவிட்டன. தரையெல்லாம் துரத்தி மூன்றைப் பிடித்தேன். மல்லி பைக்குள் இன்னும் சோம்பலாக இருந்தாள். சுக்கு என் கையிலிருந்து மூன்றையும் பறித்துத் தின்றான். அவன் வெட்டுக்கிளியைப் பிடித்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அதற்காகவே காத்திருந்தவன் போல, தலையிலிருந்து தொடங்கி, கண்ணை மூடிக்கொண்டு.

படம் எடுத்து அனுப்பினேன். உடனே வந்தது: "என் தங்கம். எவ்வளவு சந்தோசமாத் திங்கான் பாரு."

அக்டோபர் 12, ஞாயிறு

சுக்கு இல்லை.

நேற்று அந்தச் செய்தியை மறுபடி படித்துக்கொண்டிருக்கும்போதே கூண்டில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. அவன் உடம்பு முழுவதும் நடுங்கியது. வாயில் நுரை. பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனேன். டாக்டர் குமரகுரு ஊசி போட்டார், வெப்ப விளக்கின் கீழே வைத்தார். எட்டே முக்காலுக்கு நடுக்கம் நின்றது. நின்றது நல்லதற்கு என்று நான் நினைத்தேன்.

பூச்சிமருந்து என்றார். வேறெதையும் சொல்லவில்லை. வேண்டாம் என்று தான் சொன்னதை நினைவுபடுத்தக்கூட இல்லை.

காலையில் தெய்வானை அக்காவிடம் போனேன். அங்கே நான் பேசிய எதையும் இங்கே எழுத விருப்பமில்லை. பொய் சொல்லிவிட்டீர்கள் என்றேன். அது ஒன்று போதும்.

அவர் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தொழுவத்துக்கு இழுத்துப்போனார். கன்றுக்குட்டி தாயின் காலடியில் சிந்திக் கிடந்த மசாலை முகர்ந்துகொண்டிருந்தது.

"நேத்துப் பொழுதோட வெட்டுனதுதான். தின்னுபோட்டு நிக்குது, பாத்துக்க. உன்ற சீவன் போனதுக்கு எனக்கும் வருத்தந்தான் அம்மிணி. அதுக்கோசரம் என்ற மேல பழியப் போடாத."

அக்டோபர் 13, திங்கள்

பால்கனியைக் கழுவப் போனேன். பாட்டில் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளை வட்டம். அதன் ஓரத்தில் நான்காவது வெட்டுக்கிளி, தாவியபோது பிடிபடாதது, மல்லாந்து கிடந்தது. கால்களில் வெள்ளைப் பொடி.

மற்ற மூன்றையும் அந்தக் கோட்டின் மேலிருந்துதான் பொறுக்கினேன். அதே தரையிலிருந்து, சனிக்கிழமை காலை சாக்பீஸ் பிடித்த அதே கையால்.

காற்றில் மருந்து எவ்வளவு தூரம் வரும் என்று கேட்டேன். குடற்புழுவுக்கு இரண்டு அத்தியாயம் படித்தேன். இதை யோசிக்கவில்லை. இந்த வீட்டில் சர்க்கரை டப்பாவைச் சுற்றி, கேஸ் சிலிண்டரைச் சுற்றி, சாமி படத்துக்குக் கீழே என்று எங்கும் அந்தக் கோடு இருக்கிறது. அது பூச்சிமருந்து என்றே தோன்றியதில்லை. கோலப்பொடி போல அது வீட்டின் ஒரு பகுதி.

கீழே போய்ச் சொன்னேன். தெய்வானை அக்கா என்னை உள்ளே கூட்டிப்போனார். பிறகு, "அரிசி மூட்டையச் சுத்தி நானுந்தான் போட்டு வெச்சிருக்கறன்" என்றார். இருவரும் அவர் சமையலறையில் நின்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். மன்னிப்புக் கேட்டேன். காபி போட்டுக் கொடுத்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆக்னஸ்: "சுக்குக்கு வெட்டுக்கிளி பிடிச்சுப் போச்சா? இப்ப எவ்ளோ வெயிட்டு?"

121 என்று எழுதினேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வெடிச் சத்தத்தில் மல்லி பையை விட்டு வரவில்லை. 93.

ஆக்னஸ் விளக்குப் படம் அனுப்பினாள். மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. நானும் வாழ்த்து அனுப்பினேன். சுக்கு 122.

அக்டோபர் 27, திங்கள்

பொழுது சாயும்போது மல்லி கூண்டின் உச்சிக்கு ஏறிக் குரைக்கிறாள். தொலைவில் ஒரு நாய்க்குட்டி குரைப்பது போன்ற குரல். ஒரு தடவை குரைத்துவிட்டு நிறுத்துகிறாள். காதுகளைத் திருப்பிக் கேட்கிறாள். மறுபடி ஒரு தடவை. இப்படி ஒரு மணி நேரம்.

முட்டையைத் தொடவில்லை. பப்பாளியைத் தொடவில்லை. 86.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று டாக்டரிடம் கொண்டுபோனேன். வால் நுனியில் முடியைப் பிடுங்கிக்கொள்கிறாள். இவை கூட்டமாக வாழ்பவை, தனியே இருந்தால் சாப்பாட்டை விட்டுவிடும், மருந்தில் தீராது என்றார். திருப்பூரில் ஒரு தம்பதி ஐந்து வளர்க்கிறார்கள், இவளையும் ஏற்றுக்கொள்வார்கள், பேசட்டுமா என்று கேட்டார்.

சிநேகிதியுடையது, அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சீக்கிரம் கேளுங்கள் என்றார்.

நவம்பர் 3, திங்கள்

84. கேட்கவில்லை.

நவம்பர் 5, புதன்

82. மல்லியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். இதயத் துடிப்புக்கு இவை அடங்கும் என்று படித்திருக்கிறேன். ஐந்து நிமிடம் அடங்கினாள். பிறகு பொழுது சாய்ந்தது. மேலே ஏறிவிட்டாள்.

பொங்கலுக்கு இன்னும் எழுபது நாள். அவள் வரும்போது இரண்டும் இருக்க வேண்டும் என்பது போய்விட்டது. ஒன்றாவது இருக்க வேண்டும். அந்த ஒன்று இருக்க வேண்டுமானால் இங்கே இருக்கக் கூடாது. இங்கே ஒன்றுமில்லாத வீட்டுக்கு ஆக்னஸ் எதற்கு வருவாள் என்ற இடத்தில் யோசனை நின்றுவிடுகிறது. நான்கு நாட்களாக அதே இடத்தில்.

நவம்பர் 8, சனி

79.

ஆக்னஸ்: "ரெண்டு பேரையும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பு மக்கா. ஒருத்தருக்குக் காட்டணும்."

நவம்பர் 9, ஞாயிறு

பகல் மூன்று மணிக்கு அழைத்தேன். அங்கே காலை. தேவாலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். வெட்டுக்கிளி, சாக்பீஸ், ஆட்டோ, எட்டே முக்கால். அதற்குப் பிறகு எழுதிய எடைகள் எல்லாம் நானாக எழுதியவை என்பது. மல்லியின் 79. திருப்பூர்.

அழுதாள். முதலில் சுக்குவுக்காக அழுதாள். அவனை வாங்கிவந்த நாளில் என் ஹெல்மெட்டுக்குள் தூங்கினானே என்றாள். பிறகு கோபம் வந்தது. நான்கு வாரமாக என்னிடம் அவன் எடையைச் சொல்லிக்கொண்டிருந்தாயே, நான் இங்கே எல்லாரிடமும் சொன்னேனே என்றாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கத் தகுந்தவைதான் எல்லாம்.

பிறகு ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. போன் துண்டித்துவிட்டதோ என்று பார்த்தேன். துண்டிக்கவில்லை. அவள் பேசியபோது மக்கா என்று சொல்லவில்லை.

"தாரிணி, நான் பொங்கலுக்கு வரல. டிக்கெட்டே போடல. செப்டம்பர்லயே தெரியும். ஜோபின் வீட்ல மே மாசம் கல்யாணம்னு பேசுதாங்க. ஒனக்கு எழுதணும்னு போன எடுப்பேன். நீ வெட்டுக்கிளியப் பத்திக் கேட்டிருப்ப. அதுக்குப் பதிலப் போட்டுட்டு வச்சிருவேன். சொல்ல வாய் வரல."

அந்த 'சாயா வேணோ' குரலுக்குப் பெயர் ஜோபின். சரி என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மல்லியைத் திருப்பூருக்குக் கொடுத்துவிடு என்றாள். போனை வைக்கும்போது இருவருமே முதலில் வைக்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

நூலகம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

நவம்பர் 15, சனி

திருப்பூர். பனியன் கம்பெனித் தெருவில் மாடியில் வீடு. டாக்டர் சொன்ன தம்பதியில் மனைவிக்குச் சுகந்தி என்று பெயர், என் வயதுதான் இருக்கும். ஓர் அறை முழுவதையும் இவற்றுக்கே விட்டிருக்கிறார்கள். மரக்கிளைகள், கயிறுகள், கூரையிலிருந்து துணிப் பைகள். அவர்களுடைய பை ஒன்றை நான்கு நாள் முன்பே கூரியரில் அனுப்பியிருந்தார், மல்லி அந்த வாசனையைப் பழகட்டும் என்று. நேற்று அதற்குள்தான் தூங்கினாள்.

என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன். முட்டை, பழம், கோழி என்றார். பூச்சி? தாமே ஒரு தொட்டியில் வெட்டுக்கிளி வளர்ப்பதாகச் சொல்லிக் காட்டினார். முதல் ஜோடி மட்டும் வெளியில் பிடித்தது, அவற்றைக் கொடுக்கவில்லை, அவை இட்ட முட்டையில் வந்தவற்றைத்தான் கொடுக்கிறோம் என்றார். இவ்வளவு எளிதாக ஒருவர் செய்திருக்கிறார்.

பொழுது சாயும்வரை இருந்தேன். கூண்டின் கம்பிக்கு இந்தப் பக்கம் மல்லி, அந்தப் பக்கம் ஐந்து. மல்லி ஒரு தடவை குரைத்தாள். காதுகளைத் திருப்பினாள். உள்ளிருந்து ஒன்று பதிலுக்குக் குரைத்தது. மல்லி அசையாமல் நின்றாள். பிறகு கம்பி வழியாக மூக்கை நீட்டினாள். சுகந்தி ஒரு ஸ்பூனில் முட்டையை நீட்டினார். தின்றாள்.

எனக்காக ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை. அவளுக்கு அங்கே வேலை இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவிநாசி தாண்டியதும் ஆக்னஸுக்கு எழுதத் தொடங்கினேன். மூன்று முறை அழித்தேன். அனுப்பியது இது:

"மல்லிய விட்டுட்டு வரேன். சாப்பிட்டா. நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லல. வெட்டுக்கிளி குடுக்கலாமான்னு உங்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். வேண்டாம், முட்டை போதும்னுட்டார். மல்லியும் அன்னிக்கே சாப்பிட்டுட்டா. விஷயம் முதல் நாளே முடிஞ்சு போச்சு. நீ பதில் போட்டன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன். நீ போதும்னு நிறுத்தினப்போ, எழுத ஏதாவது வேணுமேன்னு பிடிச்சுக் குடுத்தேன். சுக்கு செத்தது அதனாலதான், சாக்பீஸால மட்டும் இல்ல. நீ போன நாள்லேருந்து எனக்கு உன்னை மட்டுந்தான் தேடுது. உனக்கு மே மாசம் கல்யாணம்னு தெரிஞ்சும் இத எழுதறேன். பதில் எதிர்பார்த்து இல்ல. இனிமே உங்கிட்ட மறைச்சு எதையும் கேக்க வேண்டாம்னு."

பார்த்துவிட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று திரையில் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. கருமத்தம்பட்டிப் பாலத்தில் பஸ் ஏறும்போதும் எழுதிக்கொண்டிருந்தாள். போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். என்ன எழுதினாலும் இந்த முறை அது பூச்சியைப் பற்றியதாக இருக்காது.